மற்றவை

என் கணவரின் பர்ஸில் ஐந்து கார்டுகள்.
ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு துண்டு வெள்ளை டேப்,
பால்பாயிண்ட் பேனாவில் அவர் கையெழுத்து:
மளிகை. பெட்ரோல். ஹோட்டல்.
மூன்று மாதத்துக்கு ஒருமுறை உரித்து மாற்றுவது ஒன்று,
இப்போது மருந்துக்கடை, ஐந்து சதவீதம்.
எதிலும் சேராததற்கெல்லாம் கடைசிக் கார்டு:
மற்றவை. இரண்டு சதவீதம்.

ஆர்விட் லாஹ்தி. டுலூத் நகரின் செங்குத்துத் தெருக்களில்
முப்பத்தொரு வருடமாய் ஊரார் பில்களைச் சுமக்கிறவர்.
தன் பில்லுக்கு ஒரு சென்ட் வட்டி கட்டியதில்லை.

தலைக்கு மேல் வெள்ளம் போனால்
சாண் என்ன முழம் என்ன என்பார்கள்.
இவருக்குக் கணுக்காலுக்கு மேல் ஏறினாலே பதற்றம்.
வரம்பில் முப்பது சதவீதத்தைத் தாண்டாதே என்று
எங்கோ படித்துவிட்டு வந்தார்.
முப்பது, பத்தாயிற்று. பத்து, ஒன்றாயிற்று.
பதினேழாம் தேதி ஸ்டேட்மென்ட் வருமென்றால்
பதினாலாம் தேதி இரவே கட்டிவிட்டு
பூஜ்யத்தைப் பார்த்தபடி காபி குடிப்பார்.
வருடக் கடைசியில் அறுநூற்றுப் பன்னிரண்டு டாலர்
திரும்பி வரும். பிள்ளை பாஸான மாதிரி
என்னைக் கூப்பிட்டுக் காட்டுவார்.

நவம்பரில் அந்தக் கடிதம்.
எங்கள் தெரு அவர் சுற்றிலேயே வருகிறது.
உறையைப் பார்த்தவுடன் தெரிந்திருக்கும்.
ஆனாலும் சட்டம் சட்டம்தான்:
எங்கள் பெட்டியில் போட்டுவிட்டு
அடுத்த வீட்டுக்குப் போயிருக்கிறார்.
சாயங்காலம் வந்து, பூட்ஸைக் கழற்றி,
மறுபடி வெளியே போய் எடுத்து வந்தார்.

ஒன்பதாயிரம் வரம்பு இனி இரண்டாயிரத்து ஐந்நூறு.
காரணம்: நீங்கள் கார்டைப் போதுமான அளவு பயன்படுத்துவதில்லை.

நான் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.
"தினமும் தேய்க்கிறேன், ராய்லி," என்றார்,
"தினமும்."
தேய்த்த தடம் தெரியாமல்
துடைத்து வைத்ததும் நீங்கள்தானே என்று
சொல்ல வந்து, சூப்பைக் கிளறினேன்.

ஜனவரி, மைனஸ் இருபத்திரண்டு.
விடியற்காலை மூன்று மணிக்கு
நிலவறையில் ஃபர்னஸ் ஒருமுறை இருமியது.
அவ்வளவுதான்.
டெல்மர் வந்து டார்ச் அடித்துப் பார்த்து
தொப்பியைக் கழற்றினான், சாவு வீட்டில் போல.
புதியது நாலாயிரத்து நூற்றெண்பது.

சமையல் மேஜையில், கோட்டும் கையுறையுமாக,
ஆர்விட் ஐந்து கார்டுகளையும் விரித்து வைத்தார்.
மற்றவையில் இரண்டாயிரத்து நானூறு,
ஹோட்டலில் ஆயிரம், மிச்சம் மளிகையில்.
பெட்ரோல் கார்டை எடுத்து, வாயால் ஊதிவிட்டு,
திரும்ப வைத்தார்.
மொத்தமும் இரண்டு சதவீதத்தில் போயிருந்தால்
எண்பத்து மூன்று டாலர் அறுபது சென்ட்.

"கார்டு என்றால் மூன்று சதவீதம் கூடுதல்,"
என்றான் டெல்மர், என்னைப் பார்த்து.

இவர் கணக்குப் போடுவது
மூச்சின் வெண்புகையில் தெரிந்தது.
போட்டார். மறுபடி போட்டார்.
எந்தப் பக்கம் திருப்பினாலும் நஷ்டம்.
குழாயில் தண்ணீர் உறையத் தொடங்கியிருந்தது.

நான் எழுந்து போய்
ஊசி நூல் டப்பாவுக்கு அடியிலிருந்து
செக் புத்தகத்தை எடுத்து வந்தேன்.
கடைசியாகக் கிழித்தது பதின்மூன்று வருடம் முன்பு,
ஒரு நாய்க்கு.
பேனா மை உறைந்திருந்தது;
நிப்பை நாக்கில் வைத்து எழுதினேன்,
நாலாயிரத்து நூற்றெண்பது மட்டும்.
ஆர்விட் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மதியம் இரண்டு மணிக்குத் தரைக்கம்பியிலிருந்து
தூசி வாசனையோடு முதல் சூடு.
கோட்டைக் கழற்றாமலே அதன் மேல் நின்றார் வெகுநேரம்,
இரண்டு கைகளையும் விரித்து,
ஏதோ திரும்பி வருகிறது என்பது போல.

இரவு துணி காயப்போட நிலவறைக்கு இறங்கினேன்.
புது ஃபர்னஸின் நெற்றியில்
வெள்ளை டேப் துண்டு, பால்பாயிண்ட் பேனா:

ராய்லி. பூஜ்யம் சதவீதம்.

உரிக்கப் போனேன்.
பிறகு, நல்ல சூடாக இருந்தது, விட்டுவிட்டேன்.